நூலகத்தில் தேடக் கற்பித்தல்: அரங்கநாதனும் கொல்லிமலை மாணவரும்

கல்லூரி மாணவர் தமக்கு வேண்டிய செய்தியை நூலகத்தில் தாமே தேடிக் கண்டடையப் பயிற்றுவிப்பது நூலகப் பயன்பாட்டுக் கல்வி எனப்படும். தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, கல்லூரியில் ஆங்கில நூல்களைக் கையாளத் தொடங்கும் மாணவருக்கு இது மிகவும் தேவையானது.

தொடக்கம்

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின், வாசகர் அலமாரிகளுக்கே சென்று நூல்களை எடுத்துப் பார்க்க வழிசெய்தார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. மறு ஆண்டே அச்சங்கம் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கியது. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளும், 1933இல் கோலன் பகுப்புமுறையும் வெளிவந்தன. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது அவ்விதிகளுள் நான்காவது. புதிய வாசகருக்கு அலமாரி அடுக்குமுறையையும் நூற்பட்டியலையும் அறிமுகப்படுத்துவதை நோக்கீட்டுப் பணியின் ஒரு பகுதியாகவே அரங்கநாதன் வகுத்தார்.

கொல்லிமலை: ஓர் எடுத்துக்காட்டு

இப்பயிற்சியின் தேவையை, கொல்லிமலையைப் பற்றித் தேடும் ஒரு மாணவரைக் கொண்டு விளக்கலாம். நாமக்கல் மாவட்டம் 1997 முதல் தனியாக இயங்குகிறது. அதற்கு முந்தைய நூல்களில் 'நாமக்கல் மாவட்டம்' என்று தேடினால் பயனில்லை; 'சேலம்' என்று தேட வேண்டும். 1883இல் லெ ஃபானு ஆங்கிலத்தில் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு அவ்வாறு தேடினால்தான் கைக்கு வரும்.

இரண்டாவது இடர், பெயர். கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுகின்றனர். அச்சொல்லை மட்டும் கொண்டு தேடினால் கேரள மக்களைப் பற்றிய நூல்களே குவியும். மலையின் பெயரையோ 'பழங்குடி' என்னும் சொல்லையோ சேர்த்துத் தேடினால் குழப்பம் குறையும்.

மூன்றாவது, எழுத்துக்கூட்டல். தமிழ்ப் பெயர்களை ஆங்கில நூலாசிரியர்கள் பலவாறு எழுதினர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய நூல் அகரவரிசையில் அமைந்தது. அதில் 'மலையாளி' என்னும் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் தேடிப் பார்க்க வேண்டும். ஒரே வடிவத்தைத் தேடிவிட்டு, நூலில் செய்தி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பயன்

இவை மூன்றும் ஆங்கில அறிவுக் குறையால் வரும் இடர்கள் அல்ல. ஆங்கிலம் நன்கு அறிந்தவரும் இவற்றில் தடுக்கி விழுவர். மாறாக, மலையூர்களின் பெயர்களையும் அவற்றின் ஒலிப்பையும் அறிந்த கொல்லிமலை மாணவருக்கு, பழைய ஆங்கில நூலில் திரிந்து கிடக்கும் பெயரை அடையாளம் காண்பது எளிது. தம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படித்து, சரிபார்த்து, பிழை இருப்பின் திருத்தி எழுதும் ஆற்றலை இக்கல்வி அவர்களுக்கு அளிக்கிறது.