பல்பண்பாட்டு நலமேம்பாட்டு ஆய்வு வடிவமைப்பு (ஓசூர் வட்டாரம்)

மொழி, உணவு, வாழ்முறை ஆகியவற்றால் வேறுபட்ட மக்களின் உடல்நலப் பழக்கங்களை ஒப்பிடத்தக்க அளவுகோலால் ஆராய்ந்து, நலவாழ்வை மேம்படுத்த வழிகாணும் ஆய்வுத் திட்டமிடல் முறை. பொதுச் சுகாதாரவியலின் ஒரு பிரிவு.

களம்: கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர், 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசுவோர் இங்கு கலந்து வாழ்கின்றனர். சிப்காட் தொழிற்பேட்டைகளை நாடி வடமாநிலத் தொழிலாளர்களும் வருகின்றனர்.

கூறுகள்: (1) மாதிரித் தேர்வு: வாக்காளர் பட்டியலை மட்டும் நம்பினால் புலம்பெயர்ந்தோர் விடுபடுவர், விடுதிகளையும் வாடகை அறைகளையும் சேர்க்க வேண்டும். (2) நேரம்: பகலில் மட்டும் வீடுகளுக்குச் சென்றால் பகல் ஷிப்ட் தொழிலாளர்கள் விடுபடுவர். (3) வினாத்தாள்: ஒவ்வொரு மொழியிலும் பெயர்த்து, வேறொருவரால் மூலமொழிக்கு மீளப் பெயர்த்து, சிறு குழுவிடம் சோதிக்கப்படும். (4) அளவீடு: கேழ்வரகுக் களி உருண்டையின் அளவு வீட்டுக்கு வீடு மாறுவதால், எண்ணிக்கையுடன் எடையும் குறிக்கப்படும். (5) ஒப்புதல்: பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில், மேற்பார்வையாளரின் அழுத்தமின்றிப் பெறப்படும்.

வரலாறு: மீள்மொழிபெயர்ப்பு முறையை 1970இல் ரிச்சர்ட் பிரிஸ்லின் விரிவாக வகுத்தார். 1986ஆம் ஆண்டின் ஒட்டாவா சாசனம் நலமேம்பாட்டில் மக்கள் பங்கேற்பை வலியுறுத்தியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சர்க்கரை நோய், இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிலேயே வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது.

முக்கியத்துவம்: இத்தகைய திட்டங்கள் எந்த மொழியினரை, எந்தத் தொழிலாளரைச் சென்றடையவில்லை என்பதைக் கண்டறிய இவ்வடிவமைப்பு இன்றியமையாதது.