மண்டைதீவின் இணைய முகப்பு: நோக்கம் பின்னர் வந்த ஒரு வரலாறு

தனிமனிதர் ஒருவர் தம் பெயரிலோ தம் ஊரின் பெயரிலோ சொந்தப் பணத்தில் அமைத்துப் பேணும் இணையத்தளம் தமிழரிடையே தோன்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே ஆகின்றன. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றோர் இக்காலப்பகுதியில் தத்தம் ஊர்களின் பெயரில் அமைத்த தளங்கள் உழைப்பாலும் ஊர்ப்பற்றாலும் குறிப்பிடத்தக்கவையாயினும், அவற்றுட் பல எதற்காகத் தொடங்கப்படுகின்றன என்ற தெளிவு ஏற்படுவதற்கு முன்பே தொடங்கப்பட்டவை. முகப்புப் பக்கம் ஆயத்தமான பின்னரே அதனுள் எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. பலருக்கு அக்கேள்விக்கு விடை கிடைக்கவே இல்லை. மண்டைதீவை மையமாகக் கொண்டு இவ்வரலாற்றை நோக்கினால், இத்தளங்களுக்கு ஈற்றில் ஒரு பயனைத் தேடிக்கொடுத்தவை ஊரில் முன்பே வேரூன்றியிருந்த அச்சு வழக்கங்களும் சடங்கு வழக்கங்களுமே என்பது புலனாகும்.

மண்டைதீவு யாழ்ப்பாண நகருக்கு மிக அண்மையில் அமைந்த தீவாகும். பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி, அதாவது கடலினூடே கல்லும் மண்ணும் இட்டு உயர்த்தப்பட்ட பாதை, அதனை நகரத்தோடு இணைக்கிறது. மறுபுறத்தில் அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குத் தரைவழித் தொடர்பு உண்டு. வேலணைப் பிரதேச செயலகப் பிரிவில் கிழக்கு, மேற்கு, தெற்கு என மூன்று கிராம அலுவலர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ள இவ்வூரில் நெற்செய்கையும் மீன்பிடியும் பனை தரும் வருவாயும் நெடுங்காலம் வாழ்வாதாரமாக இருந்தன. நகரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தமையால் படிப்புக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் மக்கள் நாள்தோறும் தாம்போதியைக் கடந்தனர். இந்த அண்மையே போர்க்காலத்தில் ஊருக்குப் பெருந்தீங்காக முடிந்தது. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த குருநகர் மீனவர் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் தரையிறங்கியதை அடுத்து மண்டைதீவிலும் அயலூர்களிலும் பிடிக்கப்பட்ட பலர் காணாமற்போயினர். எஞ்சியோர் இடம்பெயர்ந்து குடாநாட்டின் பிற பகுதிகளுக்கும் வன்னிக்கும் கொழும்புக்கும் பின்னர் வெளிநாடுகளுக்கும் சிதறினர்.

ஊரைப் பற்றி எழுதும் வழக்கம் இச்சிதறலோடு தொடங்கியதன்று. யாழ்ப்பாணத்தின் தொன்மையான உரைநடை வரலாறுகளுள் ஒன்றாகிய மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை, பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு இணங்கவே இயற்றப்பட்டது. அதனை எழுதச் சொன்னவர் யார், வாசிப்பவர் யார் என்பன எழுதத் தொடங்கும்போதே முடிவாகியிருந்தன. பிற்கால ஊர்மட்ட வெளியீடுகளுக்கும் இதே தெளிவு இருந்தது. கோயிற் குடமுழுக்கின்போது வெளியிடப்படும் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு நிறைவில் வெளியிடப்படும் நூற்றாண்டு மலர் ஆகியவை குறித்த ஒரு நாளுக்காக, குறித்த ஒரு குழுவினரால், குறித்த ஒரு கூட்டத்தாருக்காக அச்சிடப்பட்டன. இவற்றுள் மிகுந்த ஒழுங்கு உடையது கல்வெட்டு எனப்படும் சிறு நூலாகும். சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாளளவில் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய கிரியைகள் நிகழும்போது வருவோருக்கு வழங்கப்படும் இந்நூலில் இறந்தவரின் பெற்றோர், பிறப்பு, கல்வி, தொழில், மணம், மக்கள் ஆகியவை வரிசையாகச் சொல்லப்படும். இறந்த ஆண்டு, மாதம், பக்கம், திதி ஆகியவற்றை ஒரே பாட்டில் அடக்கும் திதி வெண்பாவும் அதில் இடம்பெறும். ஆண்டுதோறும் திவசம் செய்ய வேண்டிய நாளை மக்கள் மறவாதிருப்பதே அவ்வெண்பாவின் பயன். பெரும்புலமை இல்லாதோர் எழுதியபோதும் இந்நூல்கள் குறைவுபடாமல் நிறைவெய்தியமைக்குக் காரணம், அவற்றின் அமைப்பும் கால எல்லையும் வாசகரும் மரபால் வரையறுக்கப்பட்டிருந்தமையே.

இணையம் இவ்வரையறைகள் எவற்றையும் தன்னோடு கொண்டுவரவில்லை. சுவிற்சர்லாந்தின் எல்லையில் உள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் டிம் பேர்னர்ஸ் லீ 1991இல் வெளியிட்ட முதலாவது இணையத்தளத்துக்கு ஆய்வாளரிடையே ஆவணங்களைப் பகிர்தல் என்ற திட்டமான தேவை இருந்தது. ஆனால் 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ் போன்ற சேவைகள் எவர்க்கும் இலவசமாக இணைய இடம் வழங்கத் தொடங்கியபோது, இடம் முதலிலும் எண்ணம் பின்னரும் வரும் புதிய நிலைமை உருவாயிற்று. அக்காலப் பக்கங்களில் மண்வெட்டியால் வேலை செய்யும் ஆளின் உருவத்தோடு, தளம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்ற அறிவித்தல் உலகெங்கும் பரவலாகக் காணப்பட்டது. அவற்றுட் கணிசமானவை அந்த அறிவித்தலோடேயே நின்றுவிட்டன. அச்சுக்கூடத்தில் தாளுக்கும் மைக்கும் பணம் கொடுக்க வேண்டியிருந்தமையால் எதை அச்சிடுவது என்ற முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டது. இணையத்தில் அந்த நெருக்குதல் இல்லாமற்போனதால் முடிவும் தள்ளிப்போடப்பட்டது.

தமிழருக்கு இதனோடு மற்றொரு தடையும் சேர்ந்தது. தமிழ் எழுத்துகளைக் கணினித் திரையில் தோன்றச் செய்வதே ஒரு தனி முயற்சியாக இருந்தது. சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர்; அதன்பின் பல எழுத்துருக்களும் பல குறியாக்க முறைகளும் தோன்றின. குறியாக்கம் என்பது ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி தன்னுள் வைத்திருக்கும் எண்ணை வரையறுப்பது. இம்முறைகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து தமிழ்நாட்டு அரசு தாம், தாப் என்னும் இரு தரங்களை ஏற்றது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்றிருந்ததோ பாமினி என்னும் எழுத்துரு. இது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த முறையாகும். ஜே என்ற ஆங்கில எழுத்தின் விசையைத் தட்டினால் தகரமும், கே என்ற விசையைத் தட்டினால் மகரமும் திரையில் தோன்றும். கணினியின் நினைவகத்திலோ பதிவது ஆங்கில எழுத்தே. ஆகவே வாசகரின் கணினியிலும் பாமினி நிறுவப்பட்டிருந்தாலன்றி, மண்டைதீவைப் பற்றிய கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றியது; தேடுபொறிகளுக்கும் அது அவ்வாறே தெரிந்தது.

இச்சிக்கலின் விளைவு தொழில்நுட்பத்தோடு நின்றுவிடவில்லை. பகலில் உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து இரவில் கணினி முன் அமர்ந்தோர், எழுத்துருவை இறக்குவதற்கான குறிப்பு எழுதுவதிலும், பக்க வடிவமைப்பு மொழியைக் கற்பதிலும், அசையும் விளக்குகளையும் ஓடும் எழுத்துகளையும் பொருத்துவதிலும் தம் ஆற்றலைச் செலவிட நேர்ந்தது. கருவியை வெல்வதே குறிக்கோளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உலக எழுத்துகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் யுனிகோட் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தபோதும், விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் அதனை ஆதரித்த பின்னரே பொதுவழக்கு மெல்ல மாறியது. பாமினியில் இருந்தவற்றை யுனிகோடுக்கு மாற்ற உதவிய சுரதாவின் பொங்குதமிழ்ச் செயலி இம்மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது. எனினும் அத்தகைய மாற்றத்தைச் செய்யப் பொறுமையின்றிக் கைவிடப்பட்ட பழைய பக்கங்கள் பல.

தீவுப்பகுதி ஊர்களின் பெயரில் எழுந்த தளங்களின் கட்டமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது. முகப்பில் ஊரின் வளைவோ கோயிற் கோபுரமோ இருக்கும். அதன் அருகே ஊர் வரலாறு, ஆலயங்கள், பாடசாலைகள், பெரியோர்கள், நிழற்படங்கள், நிகழ்வுகள், துயர் பகிர்வு என்ற தலைப்புகள் வரிசையாக அமையும். இத்தலைப்புகள் மலர்களின் உள்ளடக்கப் பட்டியலிலிருந்து வந்தவை என்பது வெளிப்படை. மண்டைதீவைப் பொறுத்தவரை திருவெண்காடு சித்திவிநாயகர் கோயில், முகப்புவயல் முருகன் கோயில், கண்ணகை அம்மன் கோயில், புனித பேதுருவானவர் தேவாலயம் ஆகிய வழிபாட்டிடங்களும் மகா வித்தியாலயமும் அத்தலைப்புகளுக்கு உரிய பொருளாக அமையத்தக்கவை. ஆனால் மலருக்கு ஆசிரியர் குழு இருந்தது. கட்டுரை கேட்டு வீட்டுப் படலையைத் தட்டுவதற்கு ஆளும், அச்சுக்குக் கொடுக்க வேண்டிய இறுதி நாளும் இருந்தன. தளத்தை நடத்தியவருக்கோ தலைப்புகள் மட்டுமே இருந்தன. ஊரோ எட்டாத தூரத்தில் இருந்தது. 1990களில் குடாநாட்டில் மின்சாரமும் தொலைபேசியும் நெடுங்காலம் தடைப்பட்டிருந்தமையாலும், குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதி 2002 வரை மூடப்பட்டிருந்து 2006இல் மீண்டும் மூடப்பட்டமையாலும், ஊரைப் பற்றி ஊரில் இருப்பவரிடமே கேட்டு எழுதுவது எளிதாக இருக்கவில்லை. எழுதப்பட்ட ஊருக்குத் தன்னைப் பற்றி எழுதப்பட்டதை வாசிக்கும் வசதி கிடைத்ததும் பிற்காலத்தில்தான்.

இந்நிலையில் வெறுமையாகக் கிடந்த தலைப்புகளுக்கிடையே ஒன்று மட்டும் தானாகவே நிரம்பியது. அதுவே துயர் பகிர்வு. ஒருவர் மண்டைதீவிலோ யாழ்ப்பாணத்திலோ இறந்தால் சூரிச்சிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள உறவினர் உடனே அறிய வேண்டும். துடக்குக் காத்தல், எட்டுச் செலவு, அந்தியேட்டி ஆகியவற்றுக்கு நாள் குறிக்க வேண்டும். நேரில் செல்ல இயலாதவர் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்று தெரிய வேண்டும். மரண அறிவித்தல் இத்தேவைகள் அனைத்தையும் நிறைவேற்றியது. பிறந்த இடம், வாழ்ந்த இடம், பெற்றோர், துணை, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர், மைத்துனர் என உறவுமுறைப்படி அடுக்கப்பட்ட அதன் உரைநடை, கல்வெட்டின் வாழ்க்கைக் குறிப்பும் வானொலி மரண அறிவித்தலும் கலந்து உருவானது. அடுத்ததாக நிரம்பியவை கோயிற் கொடியேற்றம், தேர், தீர்த்தம் ஆகியவற்றின் நிழற்படங்கள். அதனையடுத்துப் பாடசாலைக்கும் வறிய குடும்பங்களுக்கும் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய உதவிகளின் கணக்கு. இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு ஒன்று உண்டு: நாளும் கடமையும் இவற்றோடு பிணைந்திருந்தன. அவ்வாறு பிணைக்கப்படாத ஊர் வரலாறு என்னும் தலைப்போ, எவருக்கும் அவசரமில்லாத காரணத்தால் சில பத்திகளோடு நின்றது. கடந்த காலத்தைப் பாதுகாக்கும் ஆவலில் தொடங்கப்பட்ட தளங்கள் நடப்புச் செய்திப் பலகைகளாக நிலைபெற்றமை இவ்வாறே.

அந்த நிலைபேறும் நீடிக்கவில்லை. ஆள்களப் பெயர் எனப்படும் இணைய முகவரிக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். அதனை ஒரே ஒருவர் தம் கைப்பணத்தில் செலுத்தியதால், அவருடைய வேலையிழப்போ நோயோ மனத்தளர்வோ ஒரு தளத்தை முழுமையாக அழிக்கப் போதுமானதாயிற்று. இலவச இடங்களும் பாதுகாப்பானவையல்ல என்பதை, யாகூ நிறுவனத்தின் உடைமையாகியிருந்த ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டமை காட்டியது. முகநூல் பரவிய பின்னர் நிழற்படங்களும் துயர் பகிர்வுகளும் அங்கே இடம்பெயர்ந்தன. துயர் பகிர்வுக்கென்றே வணிகத் தளங்களும் தோன்றின. இவ்வாறு ஊர்த்தளம் கண்டடைந்த ஒரே தெளிவான பயனும் பிறர் கைக்குப் போயிற்று.

இதே காலத்தில், இதே கருவிகளைக் கொண்டு தொடங்கப்பட்டு நிலைத்த முயற்சிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்குவது என ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய குறிக்கோளை உடையது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் என்னும் வடிவத்தை முன்கூட்டியே ஏற்றிருந்தது. அதன் தொடக்க காலத்தில் பெரும்பங்காற்றிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் எண்ணிமப்படுத்திப் பேணுவதை மட்டும் தன் பணியாகக் கொண்டது. நினைவு மலர்களும் கல்வெட்டுகளும் அதன் சேகரத்தில் தனி இடம் பெற்றிருக்கின்றன. இம்முயற்சிகளில் ஈடுபட்டோர் ஊர்த்தளம் நடத்தியோரைவிடப் பொருள்வளம் மிக்கவர் என்று கொள்வதற்கில்லை. அவர்களும் ஓய்வுநேரத் தொண்டர்களே. எதைச் செய்வதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே வரையறுத்ததும், ஒருவர் விலகினால் மற்றவர் தொடரக்கூடியதாகப் பணியைப் பகிர்ந்ததுமே வேறுபாடு.

ஆயினும் ஊர்த்தளங்களைத் தோல்வி என்று ஒதுக்குவது பொருந்தாது. சிதறிய ஊரொன்று தன் உறுப்பினர் யாவர், யார் எங்கே இருக்கின்றனர், யார் இறந்தனர் என்பதைத் தானே பதிந்துகொண்ட பதிவேடாக அவை விளங்கின. 1990இன் பின்னர் மண்டைதீவு மக்கள் எந்தெந்த நாடுகளில் வேர்கொண்டனர் என்பதை ஆராய முற்படுபவருக்கு மரண அறிவித்தல்களில் அடுக்கப்பட்ட பெயர்களும் நகரங்களும் மதிப்புமிக்க மூலங்கள். குறை அவற்றின் உள்ளடக்கத்தில் இல்லை, அவை காப்பகம் சேராமற்போனதிலேயே உள்ளது. ஊரும் இப்போது விரைவாக மாறிக்கொண்டிருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ள நிலையில், நிலத்தின் பழைய அமைப்பை அறிந்த தலைமுறையின் சாட்சியம் முன்னைவிட அவசரமாகத் தேவைப்படுகிறது.

ஆகவே ஊர்ப்பெயரில் இனியொரு தளம் அமைக்க விரும்புவோர் முகப்பை வடிவமைப்பதற்கு முன்னர், ஒரு கோயிலின் திருவிழா உபயகாரர் வரிசையோ, வயல்களின் பெயர்ப் பட்டியலோ, காணாமற்போனோரின் பெயர் விவரமோ என ஒரே ஒரு பொருளைத் தெரிவுசெய்வதும், அதனை முடிப்பதற்கு ஒரு திருநாளையோ நினைவுநாளையோ எல்லையாக வைத்துக்கொள்வதும் நன்று. ஏற்கெனவே பழைய தளங்களை நடத்தியோர், அவை இயங்காவிடினும், தம் கணினிகளில் எஞ்சியுள்ள கோப்புகளையும் நிழற்படங்களையும் அவற்றில் உள்ளோரின் பெயர், இடம், ஆண்டு ஆகிய குறிப்புகளோடு நூலகம் போன்ற பொதுக் காப்பகங்களிடம் ஒப்படைத்தல் வேண்டும்.