பாசறையிற் கோப்பி

ஐக்கிய அமெரிக்காவில் 1861ஆம் ஆண்டு தொடக்கம் 1865ஆம் ஆண்டு வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரைப் பற்றி எழுந்த நூல்கள் எண்ணிறந்தன. தளபதிகள் தத்தம் போர்த்திறத்தை விரித்து எழுதினர்; அரசியலாளர் தத்தம் பக்கத்து நியாயங்களை நிறுவ முயன்றனர். போர் ஓய்ந்து 22 ஆண்டு கழிந்தபின், 1887இல், மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பீரங்கிப் படையிற் சாதாரண வீரராகப் பணியாற்றிய யோன் பில்லிங்ஸ் என்பவரும் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயர் "வன்விசுக்கோத்தும் கோப்பியும்" என்பது. நாட்டையே இரண்டாகப் பிளந்த பெரும் போரைக் கண்ணாற் கண்டவர் அதனை நினைவுகூரும் நூலுக்கு உணவின் பெயரைச் சூட்டியது விளையாட்டாக அன்று. வெட்டவெளியிலும் கூடாரத்திலும் நான்காண்டுக் காலம் கிடந்து உழன்ற அவ்வீரர்களுக்கு, தம் கையாலேயே ஆக்கித் தம் விருப்பப்படி அருந்தக்கூடியதாக இருந்த பொருள் அஃது ஒன்றே. மற்றையவை யாவும் மேலிடத்து ஆணைப்படி நடந்தன.

அமெரிக்கப் படைவீரருக்கு ஆதியில் அளிக்கப்பட்டது கோப்பி அன்று, மதுவே. நாள்தோறும் ஒரு சிற்றளவு சாராயம் உணவுப் பங்கின் ஓர் உறுப்பாக இருந்தது. அதனால் விளைந்த சண்டைகளும் ஒழுங்கீனமும் பெருகவே, 1832ஆம் ஆண்டு, அன்ட்ரூ ஜாக்சன் சனாதிபதியாக இருந்த காலத்தில், சாராயத்துக்கு ஈடாகக் கோப்பியும் சீனியும் வழங்கும்படி விதிக்கப்பட்டது. குடியைத் தடுப்பதற்காகச் செய்த அம்மாற்றம் ஒரு சேனை முழுவதன் பழக்கத்தையும், பின்னர் ஒரு நாட்டின் பழக்கத்தையும் உறுதிப்படுத்தும் என அன்று எவரும் நினைத்திருத்தல் இயலாது.

போர் தொடங்கியபோது வடமாநிலத்தாரின் படைவிதிகள் 100 பேருக்கு ஒரு நாளைக்கு 10 இறாத்தல் பச்சைக் கோப்பிக்கொட்டை, அன்றேல் 8 இறாத்தல் வறுத்த கோப்பி என வகுத்திருந்தன. அதனுடன் 15 இறாத்தல் சீனியும் உண்டு. வறுக்கும்போது கொட்டையின் ஈரம் நீங்கி எடை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறையும் என்பதை நன்கு அறிந்தவர்கள் வகுத்த கணக்கு இது. இதன்படி ஒரு வீரனுக்கு ஆண்டொன்றுக்கு 36 இறாத்தலுக்கு மேற்பட்ட கோப்பிக்கொட்டை உரியதாயிற்று. தாராளமான பங்குதான். கோப்பியைக் குறைத்தால் படை முணுமுணுக்கும் என்பதை உணவுப் பகுதியினர் அறிந்திருந்தனர்.

அந்தப் பங்கைப் பகிர்ந்த முறையைப் பில்லிங்ஸ் சுவைபட விவரித்துள்ளார். நிலத்தில் ஓர் இறப்பர்க் கம்பளியை விரித்து, அதன்மேல் கூட்டத்தில் உள்ளவர் தொகைக்கேற்பச் சிறுசிறு குவியல்களாகக் கோப்பியைப் பரப்புவர். பங்கிடும் சார்சன் ஒரு குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மற்றொன்றில் இட்டு, எல்லாம் சமன் என்று கண்கள் ஒப்பும்வரை திருத்துவான். அதன் பின்னரும் ஐயம் நீங்காது. ஆகவே அவன் குவியல்களுக்கு முதுகு காட்டி நின்று, பெயர்ப் பட்டியலைக் கையில் ஏந்திக்கொள்வான். வேறொருவன் ஒரு குவியலைச் சுட்டி "இஃது யாருக்கு?" என்று வினவ, காணாதவாறே ஒரு பெயரைச் சொல்வான். பெயருக்குரியவன் வந்து தன் பங்கை அள்ளிச் செல்வான். பீரங்கி முழக்கத்துக்கு அஞ்சாத மனிதர் சில கோப்பிக்கொட்டைகளின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்திலர்.

பங்கைப் பெற்றவுடன் அனுபவமற்ற புதியவன் அதைக் காகிதத்தில் மடித்து வைப்பான். மழையில் நனைந்து எல்லாம் பாழாகும். பழகியவனோ, சிறு துணிப்பை ஒன்றில் கோப்பியையும் சீனியையும் ஒருங்கே கொட்டிக் கலந்து முடிந்துகொள்வான். சீனியைத் தனியே வைத்தால் அது முன்னதாகத் தீர்ந்துவிடும். கலந்து வைத்தால் கோப்பி உள்ளவரை இனிப்பும் இருக்கும். கரண்டியால் அள்ளிப் போடுவதும் எளிது. இத்தகைய சிறு நுட்பங்களை எந்தப் படைப் பயிற்சி நூலும் கற்பிக்கவில்லை.

பச்சைக்கொட்டையாகக் கிடைத்தால் அதனை முதலில் வறுத்தல் வேண்டும். வறுக்கும் கலம் பன்றியிறைச்சி பொரித்த அதே சட்டி. சில வேளைகளிற் பெரிய இரும்புக் கேத்தல். நெருப்புச் சீராக எரியாமையால் ஒரு பகுதி கருகும், ஒரு பகுதி பச்சையாகவே கிடக்கும். இருந்தும் அரைத்த தூளைவிட முழுக்கொட்டையையே வீரர்கள் விரும்பினர். அரைத்து வைத்த தூள் மணம் இழந்துவிடும் என்பது ஒரு காரணம். வழங்கும் ஒப்பந்தகாரர் அதனுள் எதை எதைக் கலப்பார்களோ என்ற அச்சம் மற்றொரு காரணம். முழுக்கொட்டையிற் கலப்படம் செய்தல் அத்துணை எளிதன்று. வறுத்ததை ஒரு வாளியில் இட்டுத் துப்பாக்கியின் அடிக்கட்டையால் இடிப்பர். தட்டைக் கல்லின்மேல் வைத்து மற்றொரு கல்லால் நசுக்குவாரும் உளர். அதிகாலையில் பாசறை முழுவதும் இந்த இடிக்கும் ஓசையே கேட்கும்.

குதிரைப் படையினர் ஏந்திய சில குறுந்துப்பாக்கிகளின் அடிக்கட்டையிற் சிறு கையாலையொன்று பொருத்தப்பட்டிருந்தது. அது கோப்பி அரைக்கும் பொறி என்று நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. நூதனசாலைகளிலும் அவ்வாறே காட்டப்பட்டது. பிற்காலத்தவர் அத்தகைய பொறியிற் கோப்பிக்கொட்டையை இட்டுச் சுழற்றிப் பார்த்தபோது அது செவ்வனே அரையவில்லை. தானியம் உடைப்பதற்கென ஆக்கப்பட்டது போலும். வரலாற்றில் அழகிய கதை ஒன்று வழங்குமாயின் அதனை ஒருமுறை கைப்பிடித்துச் சுழற்றிப் பார்த்தல் நன்று.

காய்ச்சும் கலம் பழம் அடைத்து வந்த வெறுந் தகரப் பேணி. அதன் வாயில் இரு துளையிட்டுக் கம்பியால் ஒரு பிடி அமைப்பர். நடக்கும்போது அது தோட்பையில் தொங்கிக் கலகலக்கும். தங்கியதும் ஒரு கோலின் நுனியில் மாட்டித் தீயின்மேற் பிடிப்பர். குளிர்ந்த நீரிலேயே தூளை இட்டுக் கொதிக்க வைப்பது வழக்கம். பொங்கி வழியும் தறுவாயில் இறக்கி, சிறிது குளிர்நீரைத் தெளித்தால் சக்கை அடியிற் படியும். வடிகட்டும் துணி கிடையாது. விறகுக்கு வழியோரத்துத் தோட்ட வேலிகள் இருந்தன. வேலியை அழிக்கலாகாது என்று கட்டளை பிறந்த இடங்களில், மேற்கம்பை மட்டும் எடுக்கலாம் என்று ஓர் அதிகாரி இரங்கிக் கூறுவார். மேற்கம்பு போனபின் அடுத்ததே மேற்கம்பு ஆகுமன்றோ! இப்படியாக வேலி நிலமட்டத்துக்கு வந்துவிடும்.

இக்கோப்பி நல்ல கோப்பியா என்று வினவின், இன்று நாம் அருந்துவதோடு ஒப்பிட்டு ஆம் என்று கூறுதல் அரிது. கரிப்புகை, சக்கை, சேற்று நீரின் மணம் யாவும் அதில் இருந்தன. பால் பெரும்பாலும் இல்லை. கெயில் போடன் என்பவர் 1856இல் உரிமை பெற்ற தகரப்பால் சிலருக்கே எட்டியது. ஆயினும் அது சுடச்சுட இருந்தது, கடுமையாக இருந்தது, கொதித்திருந்தது. கடைசியிற் கூறியதே மிக முக்கியமானது. அப்போரில் இறந்த வடமாநிலத்து வீரருள் ஏறத்தாழ மூவரில் இருவர் குண்டடியால் அன்றி நோயாலேயே மாண்டனர். வயிற்றுளைவும் நெருப்புக் காய்ச்சலும் அவற்றுள் முதன்மையானவை. நீரில் நோய்க்கிருமி வாழும் என்பது அக்காலத்து மருத்துவருக்கே தெளிவாகாத செய்தி. ஆற்றுநீரை அப்படியே அள்ளிக் குடித்தவனுக்கும் அதனையே கோப்பியாகக் காய்ச்சிக் குடித்தவனுக்கும் இருந்த வேறுபாடு சிலருக்கு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாக இருந்திருக்கும். பேணியை ஏந்தியிருந்தவனுக்கோ அது தெரியாது, சுவைக்காகவே குடித்தான்.

வன்விசுக்கோத்தை உண்ணவும் கோப்பி இன்றியமையாததாயிற்று. மாவும் நீரும் மட்டும் சேர்த்துச் சுட்டு உலர்த்திய அச்சதுரத் துண்டுகள் பல்லை உடைக்கும் வலியன. நாளொன்றுக்கு ஒன்பது அல்லது பத்துத் துண்டு ஒருவனுக்கு உரியவை. பண்டசாலையில் நெடுநாட் கிடந்தவற்றில் வண்டு புகுந்திருக்கும். அவற்றை உடைத்துக் கொதிக்கும் கோப்பியில் இட்டால் வண்டுகள் மேலே மிதக்கும். கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு எஞ்சியதை உண்பர்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று எண்ணிய அரசினர் ஒரு புதுமுயற்சி செய்தனர். கோப்பி, பால், சீனி ஆகியவற்றை ஒன்றாகக் காய்ச்சிக் குழம்பாக்கித் தகரத்தில் அடைத்து, "கோப்பிச் சாரம்" என்ற பெயரில் வழங்கினர். சிறு கரண்டியளவு எடுத்து வெந்நீரிற் கலந்தாற் போதும். வறுத்தல், இடித்தல், சக்கை எதுவும் இல்லை. வண்டியில் ஏற்றும் பாரமும் குறையும். காகிதத்திற் பார்த்தால் மிகச் சிறந்த திட்டம். ஆனால் வண்டியச்சுக்குப் பூசும் மசகு போன்றிருந்த அதனை வீரர்கள் தொடவும் மறுத்தனர். அரசினர் சில காலத்துள் அதனைக் கைவிட்டுப் பழையபடி கொட்டையையே அனுப்பலாயினர். ஆணையிட்ட இடத்துக்கு நடந்து, ஆணையிட்ட இடத்தில் உயிர்விடவும் உடன்பட்ட அம்மனிதர் தம் கோப்பியை மட்டும் பிறர் காய்ச்சித் தருவதற்கு உடன்படவில்லை.

தென்மாநிலத்தாரின் நிலையோ வேறு. 1861 ஏப்பிரில் மாதத்தில் ஆபிரகாம் இலிங்கன் தென்துறைமுகங்களை முற்றுகையிடும்படி பணித்தார். அடுத்த ஆண்டு ஏப்பிரிலில், கோப்பி இறக்குமதிக்குப் பெயர்பெற்ற நியூ ஓர்லியன்ஸ் வடமாநிலத்தார் வசமாயிற்று. அதன்பின் தென்பகுதியில் உண்மைக் கோப்பி செல்வருக்கே கிட்டாத பொருளாயிற்று. மக்கள் றை என்னும் தானியத்தையும், வண்டிக்காய் விதையையும், வற்றாளங்கிழங்கையும், ஓக்கு மரத்துக் கொட்டையையும் வறுத்து இடித்து நீரிற் கொதிக்க வைத்தனர். நம் நாட்டில் மல்லியையும் சுக்கையும் கொதிக்க வைத்துக் கோப்பி என்பது போன்றதன்று இது. மல்லிக் கோப்பியை விரும்பிக் குடிப்பார் பலர்; ஓக்குக் கொட்டையை இல்லாமையாற் குடித்தனர்.

இல்லாமை சில இடங்களிற் பகையை மறக்கச் செய்தது. 1862 திசெம்பரில் பிரெடெறிக்ஸ்பேர்க் என்னுமிடத்திற் பெரும் படுகொலை நிகழ்ந்தபின், இரு சேனைகளும் றப்பகானொக் ஆற்றின் இரு கரைகளிலும் அக்குளிர்காலத்தைக் கழித்தன. வடகரைக் காவலரிடம் கோப்பி இருந்தது, புகையிலை அருகியது. தென்கரையாரிடம் வேர்ஜீனியாப் புகையிலை இருந்தது, கோப்பி இல்லை. மரத்துண்டுகளாற் சிறு தோணிகள் செய்து, பாய் கட்டி, சுக்கானைத் திருப்பி நிறுத்தி, காற்றின் போக்கை நோக்கி ஆற்றில் விட்டனர். இக்கரைத் தோணியிற் கோப்பி போகும்; அக்கரைத் தோணியிற் புகையிலை வரும். செய்தித்தாள்களும் கைமாறின. அதிகாரிகள் தடுத்தும் இவ்வணிகம் முற்றாக ஒழியவில்லை. வேனில் வந்ததும் அதே கைகள் மீண்டும் துப்பாக்கி ஏந்தின.

இங்கு ஒன்று கூறாது விடலாகாது. அடிமை முறையைச் சார்ந்து நின்ற தென்மாநிலங்களை எதிர்த்துப் போரிட்ட சேனையின் பேணிகளிற் கொதித்த கோப்பியிற் பெரும்பகுதி பிறேசில் நாட்டில் விளைந்தது. அதனைப் பயிரிட்டவர்கள் அடிமைகள். பிறேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888இல்; இலிங்கன் இறந்து 23 ஆண்டு கழிந்தபின். பேணியைச் சுற்றியிருந்தவர்களிடையே இது பேசப்பட்டதாகத் தோன்றவில்லை. அக்காலத்தில் இலங்கை மலைநாடும் கோப்பித் தோட்டங்களால் நிறைந்திருந்தது. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர் பறித்த கொட்டை பெரும்பாலும் இலண்டன் சந்தைக்கே சென்றது. 1869இல் இலைநோய் தோன்றி, பின்வந்த ஆண்டுகளில் அத்தோட்டங்களை அழித்தமையும், தேயிலை அவ்விடத்தைக் கைக்கொண்டமையும் வேறு வரலாறு.

போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்கள் கோப்பிப் பழக்கத்தையும் உடன் கொண்டு சென்றனர். பிற்ஸ்பேர்க் நகரத்து வணிகரான யோன் ஆர்பக்கிள், வறுத்த கொட்டையின் மணம் போகாதவாறு முட்டையும் சீனியும் கலந்த பூச்சொன்றை இட்டு, ஓர் இறாத்தற் காகிதப் பொதிகளில் விற்கத் தொடங்கினார். 1868இல் அதற்கு உரிமையும் பெற்றார். மேற்குச் சமவெளியில் மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற இடையர் திறந்தவெளியிற் கொதிக்க வைத்தது பெரும்பாலும் அவருடைய கோப்பியே. கொட்டையை வறுக்கும் தொல்லை அத்துடன் ஒழிந்தது. இடிக்கும் தொல்லை ஒழியவில்லை.

1862 செத்தெம்பர் 17ஆம் நாள் அன்ரீற்றம் ஓடையின் கரையில் நிகழ்ந்த போரில், ஒரே பகலில் இரு பக்கத்தாருமாக ஏறக்குறைய 23,000 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் ஒழிந்தனர். அன்று ஒகாயோ மாநிலத்து 23ஆவது படைப்பிரிவின் உணவுப் பகுதியில் 19 வயதுடைய சார்சன் ஒருவன் இருந்தான். சோர்ந்து நின்ற தன் தோழருக்காக வண்டியொன்றிற் சுடுகோப்பியையும் உணவையும் ஏற்றி, குண்டுமழைக்கு இடையே அதனை விரட்டிச் சென்று, போர்முனையிலேயே பேணி பேணியாக ஊற்றிக் கொடுத்தான். அதற்காக அவன் அதிகாரியாக உயர்த்தப்பட்டான். வில்லியம் மக்கின்லி என்ற அவ்விளைஞர் 1897இல் அமெரிக்காவின் சனாதிபதியானார். 1901இற் கொலையுண்டு இறந்தார். இரண்டு ஆண்டின் பின், அவ்வோடைப் பாலத்தின் அண்மையில் அவருக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பப்பட்டது. அதிற் பொறிக்கப்பட்டுள்ள காட்சியில் அவர் வாள் ஏந்தி நிற்கவில்லை. சோர்ந்த வீரர்களுக்குக் கோப்பி வழங்குகிறார்.