காலண்டருக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

சிவகாசியில் கேம் ஆடுவதற்கென்றே கம்ப்யூட்டர் வாங்கிய வீடு, 2005 வரைக்கும் எனக்குத் தெரிந்து ஒன்றுகூடக் கிடையாது. கேம் ஆடாத டி.டி.பி. சென்டரும் கிடையாது. பகலெல்லாம் காலண்டர் முருகனுக்கும் சரவெடி லேபிளுக்கும் உழைத்த மிஷின், முதலாளி கிளம்பிப்போன பிறகு பையன்கள் கைக்கு வரும். அதனால் இந்த ஊரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் நுழைந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அச்சகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் தொண்ணூறுகளின் கடைசியில் டி.டி.பி. ஆபரேட்டராகச் சேர்ந்தவன். பிறகு அசெம்பிள், சர்வீஸ் என்று பக்கம் மாறிவிட்டேன்.

இங்கே அச்சுத் தொழில் தீப்பெட்டியின் முதுகில் ஏறி வந்தது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு லித்தோ அச்சகம் வேண்டும். பட்டாசு வளர வளர அதன் பெட்டிக்கும் படம் வேண்டியிருந்தது. பக்கத்தில் கோவில்பட்டியில் கொண்டையா ராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் சாமி படங்களை வரைய, அவை இங்கே அச்சாகிக் காலண்டராக நாடெங்கும் போயின. அந்தக் காலத்தில் ஒரு படத்தை ஏழெட்டு நிறமாகப் பிரித்தவர் லித்தோ ஆர்ட்டிஸ்ட். எந்த இடத்தில் எவ்வளவு மஞ்சள், அதன்மேல் எவ்வளவு சிவப்பு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டு, புள்ளி புள்ளியாகப் பிளேட்டில் குத்துவார். ஒரு முகத்தைத் திரையில் எத்தனை நிறத்தில் காட்ட முடியும் என்பதுதான் பிற்பாடு கிராபிக்ஸ் கார்டுக்கும் வேலையாக இருந்தது. அந்த ஆர்ட்டிஸ்ட்டுகளில் சிலர் வயதான காலத்தில் எங்கள் பின்னால் நின்று, "கன்னத்துல மெஜந்தா கூடிப்போச்சு தம்பி" என்று மானிட்டரைப் பார்த்தே சொல்லுவார்கள். பிரிண்ட் வந்த பிறகு பார்த்தால் அவர்கள் சொன்னது சரியாக இருக்கும்.

டாஸ் காலத்தில் இந்திய எழுத்தைத் திரையில் காட்டவே தனியாக ஒரு கார்டு இருந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் உருவாகி, பிறகு புனே சி-டாக் நிறுவனம் வளர்த்த ஜிஸ்ட் கார்டு அது. நான் வேலைக்கு வந்தபோது விண்டோஸ் வந்துவிட்டது. பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப், தமிழுக்கு ஸ்ரீலிபி. ஸ்ரீலிபியின் டாங்கிள் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும். பூட்டு தொலைந்தால் அன்றைய பத்திரிகை வேலையெல்லாம் நின்றது என்று அர்த்தம். பிராசசர் பென்டியம் எம்எம்எக்ஸ். 1993-ல் வந்த முதல் பென்டியத்தை உருவாக்கிய குழுவில் முன்னணியில் நின்றவர் புனேயில் பிறந்த வினோத் தாம் என்பதை நாங்கள் பெருமையாகப் பேசிக்கொள்வோம்.

கார்டு எஸ்3 டிரையோ, நினைவகம் 1 எம்பி. இதில்தான் சண்டை. திரையை 800-க்கு 600 என்று வைத்தால் மொத்தம் 4,80,000 புள்ளிகள். முழு நிறத்துக்குப் புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும், அதாவது பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம் பைட். 1 எம்பி கார்டில் அது அடங்காது. ஆகவே 65,536 நிறத்தோடு நின்றுவிடும். லேபிளுக்கு அது போதும். ஆனால் காலண்டர் முருகனின் கன்னத்தில் வரி வரியாகப் பட்டை விழும். இன்னொரு எம்பி சேர்த்தால் சரியாகிவிடும் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஏம்ப்பா, அந்தக் கார்டு இல்லாம முருகன் வரமாட்டாராக்கும்?"

"வருவாரு அண்ணாச்சி. மூஞ்சில வரி விழுந்து வருவாரு."

வாங்கிக் கொடுத்தார். இந்த ஊரில் கிராபிக்ஸ் கார்டுக்காக நடந்த பேரமெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான். கேட்கிறவனுக்கு ஒரு மனசு, சொல்கிற காரணம் வேறு.

ராத்திரியில் ஆடியது ரோட் ராஷ். பைக்கில் போகிறவனை உதைத்துத் தள்ளும் அந்த ஆட்டத்துக்குப் பெரிய கார்டு எதுவும் தேவையில்லை. அமெரிக்காவில் 1996-லேயே 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்து, முப்பரிமாண ஆட்டமே தலைகீழாக மாறியிருந்தது. அது கம்ப்யூட்டர் பத்திரிகைகளின் பளபளத்த தாளில் மட்டும் எங்களுக்கு அறிமுகம். வசதியான டிசைனிங் சென்டர் வாங்கியது மேட்ராக்ஸ் மில்லேனியம். எழுத்தும் படமும் அதில் கண்ணாடி மாதிரித் தெரியும், கேம் போட்டால் மூச்சு வாங்கும். விலை உயர்ந்த கார்டு கேமுக்கு உதவாது, கேமுக்கு உதவும் கார்டு அச்சகத்துக்கு உதவாது. இந்தப் பொருத்தமின்மை பத்து வருஷத்துக்குமேல் நீடித்தது.

பிராசசரில் அப்படி இல்லை. 1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ அச்சகம், கேம் இரண்டுக்கும் பொதுவான வரமாக இருந்தது. போர்டின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-ல் ஓடும். பென்டியம் 2 விலை கொடுக்க முடியாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? சென்னை ரிச்சி தெருவில் அதற்குத் தனி மவுசு. இங்கே ஒரு சிக்கல் இருந்தது: வெக்கை. மழை குறைந்த, காய்ந்த ஊர் என்பதால்தான் தீக்குச்சியும் பட்டாசும் இங்கே பிழைத்தன. அதே வெயில் ஓவர்கிளாக் செய்த பிராசசரைச் சித்திரை மாதத்தில் ஓடவிடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஹேங் ஆகி நிற்கும். பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து வைத்து, ஐப்பசி மழை பிடித்ததும் ஏற்றுவோம்.

தூசியும் வேறு ஊர்த் தூசி மாதிரி இல்லை. ஆப்செட் மிஷினில் அச்சாகி விழும் தாள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாவுத் தூள் தெளிப்பார்கள். அந்தப் பவுடர் ஹாலெல்லாம் பறந்து பிராசசர் ஃபேனில் அப்பிக்கொள்ளும். கழற்றிப் பார்த்தால் இட்லி மாவு உலர்ந்த பாத்திரம் போலிருக்கும் ஹீட்சிங்க். பட்டாசுக் கம்பெனி ஆபீசிலிருந்து வரும் கேபினெட்டில் சில நேரம் வெள்ளிப் பளபளப்பு தெரியும். உலோகத் தூள் என்பதால் அதை ப்ளோயரால் ஊதித் துடைத்த பிறகுதான் பிளக்கையே செருகுவேன்.

2000-க்குப் பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. 1997-ல் இந்தியா சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தால் கம்ப்யூட்டர் பாகங்களின் சுங்கவரி படிப்படியாக இறங்கி 2005-ல் பூஜ்யத்துக்கு வந்ததும் விலை குறைய ஒரு காரணம். மெயில் பார்க்கத் திறந்த சென்டர்கள் கவுன்டர் ஸ்ட்ரைக்கால் வாடகை கட்டின. பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் புத்தகப்பை மேசைக்கு அடியில், பையன் பாலைவனத்தில் துப்பாக்கியோடு. பெரும்பாலான சென்டர்களில் இருந்தது இன்டெல் 845ஜிவி போர்டு. அதில் ஏஜிபி ஸ்லாட்டே கிடையாது, ஏஜிபி கார்டு செருக வழியில்லை. ராமில் ஒரு பகுதியைப் பிடுங்கித் திரைக்குக் கொடுக்கும். 2003-ல் பி.சி.க்கு வந்த வைஸ் சிட்டி அதிலும் தத்தித் தத்தி ஓடியது. என்னிடம் கேட்டால் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு கேம் பழக்கிவிட்ட பெருமை எந்தப் பெரிய கார்டுக்கும் சேராது, அந்த மலிவான போர்டுக்குத்தான் சேரும்.

ஸ்லாட் இருந்தவர்கள் வாங்கியது என்விடியாவின் எம்எக்ஸ் 440. பெயரில் ஜிஃபோர்ஸ் 4 என்று இருக்கும், உள்ளே இருப்பது பழைய வம்சம். பிக்சல் ஷேடர் வசதி இல்லாததால் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா சாண்ட்ஸ் ஆஃப் டைம் அதில் திறக்கவே திறக்காது. முந்தின தலைமுறை ஜிஃபோர்ஸ் 3 கார்டில் ஓடும். "நாலு மூணைவிடப் பெருசுதானேண்ணே?" என்று ஒரு பையன் அழாத குறையாகக் கேட்டான். பெட்டியின்மேல் இருக்கும் நம்பரை நம்பி வாங்காதே என்பது அன்றைக்கே தெரிந்த பாடம், இன்றைக்கும் கடைக்குக் கடை திரும்ப நடக்கிறது.

திருப்பம் 2008-ல் வந்தது, கேமிலிருந்து அல்ல. அந்த அக்டோபரில் வந்த போட்டோஷாப் சிஎஸ்4 முதல்முறையாகக் கிராபிக்ஸ் கார்டின் சக்தியைப் பயன்படுத்தத் தொடங்கியது. பெரிய படத்தை இழுப்பதும் பெரிதாக்குவதும் வழுக்கிக்கொண்டு போகும். டிசைனர்களுக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி. "அண்ணாச்சி, புது போட்டோஷாப்புக்கு என்விடியா கார்டு வேணும்" என்று சொன்னால் அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. 9500 ஜிடி வந்து இறங்கிய அன்றைக்கே அதில் கால் ஆஃப் டியூட்டி ஓடியது. காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாக வேண்டும். ஆகவே சித்திரை, வைகாசியில் புது மிஷின் வாங்குவார்கள். கார்த்திகை, மார்கழியில் கடைசி ஆர்டர் போன பிறகு பழசைத் தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டது ஆபரேட்டரின் தம்பி வீட்டுக்கோ, பிரவுசிங் சென்டருக்கோ, என் கடைக்கோ வரும். சிவகாசி, திருத்தங்கல், விருதுநகர்ப் பக்கத்தில் முதல் தலைமுறை கேமர்கள் பெரும்பாலும் காலண்டர் சீசனின் மிச்சத்தில் வளர்ந்தவர்கள்.

2012 மின்வெட்டை இங்கே சும்மா கடந்துபோக முடியாது. நாளில் பாதி கரண்ட் இருக்காது. அச்சகங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே சோர்ந்தன. ஆபரேட்டர்கள் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கன்ட்ரோல் எஸ் அடிக்கப் பழகினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. 600 விஏ யுபிஎஸ்ஸில் மானிட்டரும் கேபினெட்டும் தாங்கும், கேம் தொடங்கிக் கார்டு கரண்ட் இழுத்ததும் கூவிவிட்டு அணைந்துவிடும். வாட் என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் படித்தது அந்த வருஷம்தான்.

அதன் பிறகு ஓட்டமாகச் சொல்லிவிடலாம். 2017 மார்ச்சில் ஏஎம்டியின் ரைசன் வந்து எட்டு கோரை நடுத்தர விலைக்குக் கொண்டுவந்தது. பிளேட் எடுக்கும் முன் பக்கத்தைப் புள்ளிகளாக்கும் ரிப் வேலை அதில் பறந்தது. அதே ஆண்டும், மறுபடி 2021-லும், எத்தீரியம் மைனிங்குக்காக ஆட்கள் கார்டை அள்ளிக்கொண்டு போனதில் விலை எகிறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியதும் தேய்ந்த கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. இதற்கிடையில் செல்போன் கேம் பிரவுசிங் சென்டர்களை மூடிவிட்டது.

சிப் எப்படிச் செய்கிறார்கள் என்று பிளேட் போடுகிற ஓர் அண்ணாச்சிக்கு ஒருநாள் சொன்னேன். சிலிக்கான் தகட்டில் ஒளி பட்டால் மாறும் பூச்சு பூசி, மேலே மாஸ்க் வைத்து வெளிச்சம் அடித்து, டெவலப்பரில் கழுவி, வேண்டாத இடத்தை அரித்தெடுப்பார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பத்து அடுக்கு. அவர் இடைமறித்தார்: "அப்ப ரெஜிஸ்டர் எப்படிப் பிடிக்கிறான்?" நாலு கலருக்கே ஒரு மயிரிழை விலகினால் தாள் வீண். அங்கே பல பத்து அடுக்கு விலகாமல் உட்கார வேண்டும். என்னிடம் வந்த கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் மிஷினில் 13.5 நானோமீட்டர் அலைநீள வெளிச்சத்தை வைத்து நடக்கும் வேலைக்கும், இங்கே டீப் எட்ச் பிளேட்டுக்கு நடந்த வேலைக்கும் அடிப்படை ஒன்று. அளவுதான் எட்டாத தூரம்.

இப்போது என்ன நிலைமை? 2025 ஜனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 மட்டும் 575 வாட் இழுக்கும். எங்கள் ஊர் வீட்டு வயரிங்கையும் வெயிலையும் பார்த்தால் அது ராஜபாளையம் நாயைத் தீப்பெட்டிக்குள் அடைக்கிற காரியம். பையன்களுக்கு நான் சொல்வது ரைசன் 7 9800எக்ஸ்3டி. முன்பு 5800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷ் நினைவகத்தைக் கோர்கள் இருக்கும் சிப்புக்கு மேலே அடுக்கியதால் சூடு வெளியேறத் தடுமாறியது. 2024 நவம்பரில் வந்த இதில் அதைக் கீழே தள்ளிவிட்டார்கள், கோர்களின் சூடு நேராக கூலருக்குப் போகிறது. வெக்கை ஊருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். 2025 கடைசியில் ஏஐ நிறுவனங்கள் நினைவகத்தை மொத்தமாக வளைத்துப்போட்டதில் ராம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளருக்கான குரூஷியல் விற்பனையையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்தது. அதே ஏஐ இங்கே காலண்டருக்குச் சாமி படமும் செய்து தருகிறது. வேல் பிடித்த கையில் விரல் ஆறு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் பிரிண்டுக்கு விட வேண்டியிருக்கிறது. கொண்டையா ராஜுவின் சீடர்களுக்கு இந்த வேலை இருந்ததில்லை.

அடுத்து இன்டெல்லின் நோவா லேக், ஏஎம்டியின் ஜென் 6 என்று பையன்கள் இப்போதே பேசிக்கொண்டு வருகிறார்கள். வரட்டும். புது சிப் வந்த மாதத்தில் வாங்கியவர் யாரும் இந்த ஊரில் லாபம் பார்த்து நான் கண்டதில்லை. காசு சேர்க்கிற தம்பிகளுக்கு ஒன்று: முதலில் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா பாருங்கள், அடுத்து நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். கார்டுக்குத் தை பிறக்கும்வரை பொறுங்கள். காலண்டர் சீசன் முடிந்து டிசைனிங் சென்டர்கள் பழைய கார்டை அப்போதுதான் கழற்றுவார்கள். கழற்றியதைச் சுத்தம் செய்து, ஓட்டிக் காட்டிய பிறகே தருகிறேன்.