பேயாகவும் ஆகாதவர்கள்

1989 டிசம்பரில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் 'ஸ்வீட் ஹோம்' என்ற திகில் விளையாட்டை வெளியிட்டது. நின்டெண்டோவின் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' பெட்டியில் ஆடுவது. அதே ஆண்டு கியோஷி குரோசவா இயக்கிய படத்தின் கதைதான். செத்துப்போன ஓவியர் மமியாவின் சுவரோவியங்களைத் தேடி ஐந்து பேர் பாழடைந்த மாளிகைக்குள் போகிறார்கள். உள்ளே அவர் மனைவியின் ஆவி. கைக்குழந்தையை உலைத் தீயில் பறிகொடுத்தவள். பிறகு ஊரார் பிள்ளைகளைக் கொன்றவள்.

இதில் செத்தவர் செத்தவர்தான். மருந்தோ மந்திரமோ எழுப்பாது. எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதற்கேற்ப முடிவு மாறும். கடைசியில் ஆயுதம் மட்டும் போதாது. குழந்தையின் சவப்பெட்டியை அவள்முன் வைக்க வேண்டும். 1996இல் உலகெங்கும் ஓடிய 'ரெசிடெண்ட் ஈவில்' இதன் மறுஆக்கமாகத் தொடங்கியதுதான்.

சரி, இதுக்கும் தருமபுரிக்கும் என்ன சம்பந்தம்?

சாவை யார் பதிவு செய்கிறார்கள் என்பதே என் கேள்வி. தருமபுரி நடுகற்களின் பூமி. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். அரசனின் ஆட்சியாண்டு, ஊர், அவன் பெயர் எல்லாம் வட்டெழுத்தில் வெட்டினார்கள். மந்தைக்காகச் செத்தவன் வரலாற்றுக்குள் வந்துவிட்டான். இதே மண்ணில் எருக்கம்பாலும் நெல்மணியும் கொடுத்து முடிக்கப்பட்ட பெண்சிசுக்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. பேயாகிறதுக்கும் ஒரு பெயர் வேணும். அதுகூட வாய்க்காத சாவு இது.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. தொட்டிலில் போடப்பட்ட குழந்தைகள் பிழைத்தார்கள். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொட்டில் யாரை நோக்கிப் பேசுகிறது? தாயை நோக்கி. வரதட்சணை கேட்டவனை, ஆண்வாரிசுக்கு மட்டும் நிலம் எழுதியவனை நோக்கி அல்ல. 'ஸ்வீட் ஹோம்' கதையாடலும் அப்படித்தான்: பயங்கரம் முழுவதும் தாயின் உருவில் குவிகிறது, கணவன் மேதை ஓவியனாக எஞ்சுகிறான். தாயை அரக்கியாக்கிவிட்டால் வீடு தப்பித்துக்கொள்கிறது.

ஆனாலும் அந்த விளையாட்டு ஒன்றைச் செய்கிறது. இழப்பை ஒப்புக்கொள்ளாமல் யாரையும் வெளியே விடுவதில்லை. நாம் ஸ்கேன் கருவி வந்தபின் கொலையைக் கருப்பைக்குள் தள்ளிவிட்டோம்; 1994இல் சட்டம் போட்டோம்; பிறகு பாலின விகிதம் என்று எண்ணாக்கிப் பேசினோம். எண்ணுக்கு முகம் கிடையாது. நடுகல்லை ஆவணம் என்கிறோம். கல் நடப்படாத வெற்றிடமும் ஆவணம்தான். அதை வாசிக்காமல் எழுதப்படும் எந்த மாவட்ட வரலாறும் ஆம்பளைங்க வரலாறாகவே இருக்கும்.