கூலி என்னும் சொல்

ஆங்கிலம் நம்மிடமிருந்து பெற்ற சொற்களை எண்ணிப் பெருமிதங்கொள்வது நம் தமிழ்விழா மேடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் என்று பட்டியல் உற்சாகத்தோடு நீளும். இரண்டு சொற்களை அணுகும்போது மட்டும் பேச்சாளரின் குரல் சற்றே தாழும். ஒன்று, பறை என்னும் கருவியோடு உறவுடைய ஒரு சாதிப்பெயர்; ஆங்கிலத்தில் அது ஊரால் ஒதுக்கப்பட்டவன் எவனுக்கும் பெயராயிற்று. மற்றையது கூலி. பெருமைப் பட்டியலிற் சேர்க்கவும் இயலாமல், நம்முடையதன்று எனத் தள்ளவும் இயலாமல் நிற்கும் இச்சொல்லைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

காரணம் உண்டு. ஹற்றனை அடுத்த தோட்டப்பகுதிப் பாடசாலையொன்றில் நாம் கற்பித்துவருகிறோம். ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இச்சொல்லின்மேல் விரலை வைத்தபடியே எழுந்து வந்து, "சேர், இது நம்ம சொல்லா, அவங்க சொல்லா?" என்று கேட்டாள். தமிழை முறையாகப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர் என்ற எண்ணம் எமக்கு உண்டு. ஆயினும் அன்று ஒரு வார்த்தையில் விடைகூற எம்மால் இயலவில்லை.

சொல்லாராய்ச்சியாளர் இரு வழிகளைக் காட்டுகின்றனர். குஜராத்துப் பகுதியில் வாழும் கோலி என்னும் குலத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழ்க் கூலியே மூலம் என்பது மற்றொன்று. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இரண்டையுமே பேசுகிறது. இரண்டு ஆறுகளும் ஒரே கடலிற் கலந்திருக்கவும் கூடும். வழக்காடி வெல்லத்தக்க பெருமை ஏதும் இதில் இல்லை. சொல் எங்கிருந்து புறப்பட்டது என்பதினும், வழியில் அதற்கு நேர்ந்தது யாது என்பதே எமது அக்கறை.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. ஆளுக்குச் சேரவேண்டிய பொருளின் பெயர். செய்கூலி, அறுப்புக்கூலி, வண்டிக்கூலி என்று எதனை எடுத்துக்கொண்டாலும், முன்னே உழைப்பு நிற்கும். பின்னே அதற்குரிய பயன் நிற்கும். வேலை செய்தவனைக் குறிக்க வேண்டுமாயின் கூலியாள் என்றோ கூலிக்காரன் என்றோ வேறொரு சொல்லை ஒட்டவேண்டும். திருக்குறளின் 619ஆம் பாடலில், தெய்வத்தால் ஆகாததையும் உடல் வருந்திய முயற்சி ஈட்டித்தரும் என்று வள்ளுவர் கூறுமிடத்தில், அந்த ஈட்டத்துக்கு அவர் தேர்ந்த சொல் கூலிதான். அங்கே இழிவின் நிழல்கூட இல்லை.

ஆங்கிலத்தில் நுழைந்த கூலியோ ஆளாகவே மாறிவிட்டது. ஊதியம் என்ற பொருள் உதிர்ந்துபோய், சுமை தூக்கும் உடம்பு மட்டும் எஞ்சியது. பெறவேண்டியதைக் குறித்த சொல், பெறவேண்டியவனை விழுங்கிவிட்டது. இந்த மாற்றம் அகராதிக்குள் நிகழ்ந்ததன்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு எம் மலைகளே சாட்சி.

1820களிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கியபின், திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தனர். கொள்ளை நோயிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின், மலைகள் தேயிலையால் மூடப்பட்டன. பயிர் மாறியது, ஆள் பிடிக்கும் முறை மாறவில்லை.

அம்முறையின் உயிர்நிலை துண்டு என்னும் சிறு தாள். ஆள் கட்டிவரும் கங்காணி, ஊரிலேயே முற்பணம் கொடுத்துவிடுவான். வழிச்செலவு, அரிசி, துணி யாவும் கடன் கணக்கில் ஏறும். சம்பளமோ மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். கிடைக்கும்போதும் கங்காணியின் கை வழியாகவே கிடைக்கும். ஒரு கூட்டத்தார் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும்; கடனும் அவர்களோடு கூடவே பெயர்ந்து செல்லும். இவ்வாறு, கூலி என்று பெயர் பெற்றவனுக்குக் கூலி கிட்டாமலே அவனது விலை கைமாறிற்று. உரிய அறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவோரைச் சிறையிலிட 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இடமளித்தது. துண்டு முறை ஒழிக்கப்பட்டது 1921இலேதான்.

துண்டு, கங்காணி, துரை ஆகிய மூன்று சொற்களும் அந்நாளில் தோட்டத்துரைமாரின் ஆங்கிலத்திற் புகுந்தன. பதிலுக்கு ஆங்கிலம் எமக்குத் தந்தது லயம். வரிசை என்னும் பொருளுடைய 'லைன்' என்ற சொல்லே லயன் என்றும் லயம் என்றும் திரிந்தது. இசையில் லயம் என்றால் தாள ஒழுங்கு. ஓரெழுத்து நீண்டால் குதிரை கட்டும் லாயம். 10 அடிக்கு 12 அடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்ததைப் பார்த்தவர்க்கு எந்தப் பொருள் அருகில் உள்ளது என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

செக்ரோல் ஏட்டின் மொழியும் கவனிக்கத்தக்கது. அங்கே 'பேர்' என்றால் ஒருநாள் வேலை. குறித்த அளவு கொழுந்து நிறையவில்லையாயின் அரைப்பேர். கங்காணிக்கு வேலைக்கு வரும் பேருக்கு இவ்வளவு என்று தலைக்காசு. தாய் தந்தையர் இட்ட பெயர் சம்பளக் கணக்கின் அலகாயிற்று. அதையும் பாதியாக வெட்ட முடிந்தது.

புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ் கற்கவேண்டும் அல்லவா? ஏ. எம். பெர்குசன் அவர்களுக்காக எழுதிய கையடக்க வழிகாட்டியின் பெயரே 'இங்கே வா'. 'வாருங்கள்' என்னும் வடிவமும் தமிழில் உண்டு என்பதை அத்தலைப்பைக் கண்டு எவரும் ஊகிக்க மாட்டார். 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. ஆள் கூலியான பின்னர் அவன் வாயிலிருந்த மொழியும் கூலியாயிற்று. தமிழாசிரியராகிய எமக்கு இந்நூற்பெயர் ஏற்படுத்தும் வலி தனி.

இச்சொல் இங்கு மட்டும் நிற்கவில்லை. 1893இல் நேட்டாலுக்குச் சென்ற காந்தியடிகள் அங்கே கூலி பாரிஸ்டர் எனப்பட்டார்; இந்திய வணிகர் கூலி வணிகர் ஆயினர். தமிழர் பெயர்களின் இறுதியில் வரும் 'சாமி' என்பதும் அங்கே வசைச்சொல்லாயிற்று. அதன் பொருள் எசமான் என்பதை வசைபாடியவர் அறிந்திலர்! சீனர் தம் எழுத்தில் இச்சொல்லை எழுதியபோது, கசப்பு, வலிமை எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்தனர். ஒலியும் பொருந்தியது; உண்மையும் பொருந்தியது.

குற்றத்தை முழுவதும் வெள்ளையர் தலையில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்கொள்வதும் நேர்மையன்று. கூலிக்கு மாரடித்தல் என்னும் வழக்கு எந்தத் துரையும் நமக்குக் கற்பித்ததன்று. மலைக்கு வந்தவருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவர்கள். கங்காணி தமிழன், கணக்கப்பிள்ளை தமிழன். தோட்டக்காட்டான் என்று ஏளனம் செய்த வாய்களும் தமிழ் பேசிய வாய்களே.

சொல்லைத் திருப்பிப் பிடித்தவர்கள் தொழிலாளரே. தஞ்சை மண்ணிலிருந்து வந்த கோ. நடேசய்யர், அந்நியர் நுழையமுடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாகப் புகுந்து நிலைமையை அறிந்தார். 1931இல் ஹற்றனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அதற்கு முன்னரே, 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்திருந்தது. மேன்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அதே மலை, அதே மழை, அதே அட்டை. 11 சதம் குறைவு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் 16 சத உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவர்கள் கேட்டது வள்ளுவர் சொன்ன கூலியையே.

1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், பின்னர் பார்த்துக்கொள்ள 150,000 பேர் என்று பிரித்தது. மீண்டும் பேர்க்கணக்கு! ஒருவரையேனும் அழைத்து எங்கே வாழ விருப்பம் என்று கேட்டபின் எழுதிய எண்களல்ல அவை. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003வரை காத்திருந்தது.

இப்பொழுது இச்சொல்லை அச்சில் இடக் கூசுகின்றனர்; நன்றே. இந்திய இரயில்வே 2016இல் தன் நிலையங்களின் சுமைதூக்குவோருக்குச் சகாயக் என்று புதுப்பெயர் சூட்டியது. இங்கே 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோது, மூதாதையர் நடந்த வழியைத் தாமே பெயரிட்டு நடந்தனர். ஆனால் நாளொன்றுக்கு 1000 ரூபா என்னும் கோரிக்கை, ஆண்டுக்கணக்கான போராட்டத்தின்பின் 2021இலேதான் வர்த்தமானியில் ஏறியது. ஆளுக்கு இட்ட பழம்பெயரை நீக்குவது எளிதாயிருந்தது. அச்சொல்லின் முதற்பொருளை உரியவர் கையிற் சேர்ப்பதே இழுபட்டது.

இவற்றுட் சிலவற்றை அம்மாணவிக்குச் சில நாட்கள் கழித்து விளக்கினோம். மறுநாள் அவள் தன் தாயின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தாள். மேசைமேல் விரித்து வரிவரியாகப் படித்தோம். வேலை நாட்கள், சேமலாப நிதி, சந்தா, தேயிலைத் தூள். தீபாவளி முற்பணக் கழிவு என்ற வரிக்கு வந்ததும் அவள் நிமிர்ந்து, "இது துண்டு இல்லையா சேர்?" என்றாள்.

துண்டு 1921இல் ஒழிந்தது என்று முதல்நாள் கரும்பலகையில் எழுதியது இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது.