பொம்மைப் படையின் பீடம்

தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரைப் போரில் உயிர் நீத்த வீரர்களின் உருவங்களைப் பல்லவர் காலத்தில் பலகைக் கற்களில் செதுக்கி, வட்டெழுத்தில் செய்தியும் பொறித்தனர். இவற்றுட் சில தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ளன. இந்த வீரர்களுக்குத் தனிப் பீடம் தேவைப்படவில்லை. கல்லின் அடிப்பகுதியை மண்ணில் ஊன்றிவிட்டனர். நடுகல் என்னும் பெயரே அதனைக் கூறுகிறது.

ஆனால் நகரும் வீரனை மண்ணில் நட இயலாது. சதுரங்கக் காயும் பொம்மைச் சிப்பாயும் தாம் நிற்பதற்கான நிலத்தைத் தம்முடனேயே சுமந்து செல்ல வேண்டும். அந்தச் சிறு நிலமே பீடம். இன்று மேசைமீது பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவோர், 25 அல்லது 32 மி.மீ. விட்டமுள்ள வட்டப் பீடங்களில் மணல், தக்கை, சிறு கற்கள் ஆகியவற்றை ஒட்டி அழகு செய்கின்றனர். அழகை மட்டும் எண்ணிப் பீடத்தைத் தேர்ந்தால் போதுமா? வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

தந்தத்தில் கம்பெனிப் படை

1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் தருமபுரி அடங்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். அக்காலத்தையொட்டி வங்காளத்துப் பெர்ஹாம்பூரில் தந்தச் சிற்பிகள் சதுரங்கக் காய்களைச் செதுக்கி வந்தனர். ஒரு பக்கம் கம்பெனிப் படை. எதிர்ப்பக்கம் இந்திய அரசரின் படை. யானை, அதன்மேல் அம்பாரி, அம்பாரிக்குள் அரசன் என அவை கண்ணுக்கு விருந்தாயின. ஆனால் உருவம் உயர உயர அதன் ஈர்ப்பு மையமும் உயரும். கை பட்டால் கவிழும் வாய்ப்பும் கூடும்.

இக்குறைக்கு 1849-இல் லண்டனில் ஒரு தீர்வு வந்தது. ஜாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்டாண்டன்' வகைக் காய்களுக்கு அகன்ற அடியும் எளிய உருவமும் அமைந்தன. அடிப்பகுதியைக் குடைந்து ஈயம் வைத்து எடை கூட்டுவதும் வழக்கமாயிற்று. இன்றும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு, காயின் அடி விட்டம் அதன் உயரத்தில் 40 முதல் 50 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது.

ஆளில்லாப் படை

பீடத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் ஒரு போர் விளையாட்டு மேசையை அரசருக்குக் காட்டினார். அவர் மகன் 1824-இல் அதைப் படை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்பத் திருத்தினார். 1:8000 அளவுள்ள வரைபடத்தின்மீது சிறு கட்டைகள் நகர்த்தப்பட்டன. அக்கட்டைகளில் மனித உருவமே இல்லை. ஒரு படைப்பிரிவு களத்தில் எவ்வளவு இடம் கொள்ளுமோ, அதே விகிதத்தில் கட்டையின் அளவு அமைந்தது. அதாவது, வீரனை நீக்கிவிட்டுப் பீடத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள் எனலாம்!

1893-இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. இத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் விதிகள் வகுத்து நூலாக்கினார். வில்சுருள் பீரங்கியின் மரக்குண்டு பட்டு விழுந்த சிப்பாய் இறந்தவனாகக் கருதப்பட்டான். நிலைப்புத்தன்மை என்னும் இயற்பியல் கருத்து இங்கே பொம்மையின் உயிரையே தீர்மானித்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

பீடத்தின் ஆரத்தை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், பொம்மை கவிழும் கோணத்தின் டேன்ஜெண்ட் கிடைக்கும். 25 மி.மீ. பீடத்தில் நிற்கும் ஒரு வீரனின் ஈர்ப்பு மையம் 15 மி.மீ. உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். 12.5-ஐ 15-ஆல் வகுக்க, கவிழ்கோணம் ஏறத்தாழ 40 பாகை. பாறைபோல் தோன்றுவதற்காக 15 மி.மீ. உயரத் தக்கையை அவன் காலடியில் ஒட்டினால், தக்கை மிக இலேசானது ஆதலால், ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 30 மி.மீ. உயரத்துக்குச் செல்லும். கவிழ்கோணம் 23 பாகையாகக் குறைந்துவிடும்.

ஆகவே பீடம் தேர்வோர் முதலில் விளையாட்டு விதி கூறும் அளவைப் பார்க்க வேண்டும். பல விளையாட்டுகளில் தொலைவைப் பீடத்தின் விளிம்பிலிருந்தே அளக்கிறார்கள்; அழகுக்காக அளவை மாற்றினால் ஆட்டமே மாறிவிடும். அடுத்தது எடை, அது தாழ்வாக அமைய வேண்டும். அலங்காரம் மூன்றாவது. உயரமான பாறை வேண்டுமெனில் பீடத்தின் அடியில் ஓர் இரும்பு வாஷரை ஒட்டி ஈடுசெய்யலாம்.

இதனை வாசகர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன்மேல் பொம்மையை நிறுத்திப் பலகையை மெல்லச் சாய்க்க வேண்டும். பொம்மை கவிழும் கோணத்தைக் கோணமானியால் அளந்து, பின்பு வாஷரை ஒட்டி மீண்டும் அளக்க வேண்டும். இரு கோணங்களின் வேறுபாடே, அந்த வாஷர் செய்த வேலை.